குரோட்டன்ஸுக்குப் போன தண்ணீர்

அண்ணாச்சி, கொஞ்சம் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறீர்களா? அது என் இடம்தான், நம்பர் வேண்டுமானால் பாருங்கள். காற்று நன்றாக வரும், கடம்பூர் தாண்டினால் காற்றாலையெல்லாம் சுற்றுவது தெரியும். எனக்கு இந்த ஓரம் போதும். ஆமாம், கக்கூஸ் பக்கத்து ஓரம்தான். உங்களுக்கு அது வாடை. எனக்குத் தைரியம்.

வயதில் நீங்கள் சின்னவர். இருந்தாலும் கையில் டிக்கெட் வைத்திருக்கிறவர் எல்லாரும் எனக்கு அண்ணாச்சிதான். முப்பத்தோரு வருஷப் பழக்கம். பஸ் கண்டக்டர். பெயர் மாசானம். திருநெல்வேலி - மதுரை வண்டி. பஸ்காரனுக்கு ரயிலில் என்ன வேலை என்கிறீர்களா? பஸ்ஸில் கக்கூஸ் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடியவில்லை. சாத்தூர் வரை நேரம் இருக்கிறது. சாத்தூரில் தங்கப்பழம் என்று ஒருத்தன் ஏறுவான். பத்தொன்பது வருஷம் எனக்கு டிரைவராக இருந்தவன். எனக்குத் துரோகம் செய்தவன். அவன் ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

டிரைவரையும் கண்டக்டரையும் புருஷன் பெண்டாட்டி என்பார்கள். தப்பு. புருஷன் பெண்டாட்டி சண்டை போடும்போதாவது முகத்தைப் பார்ப்பார்கள். டிரைவர் கண்டக்டர் முகத்தைப் பார்க்கவே மாட்டான். விசில்தான் பேச்சு. ஒன்று ஊதினால் நில். இரண்டு ஊதினால் போ. நான் இரண்டு ஊதினேன் என்றால் தங்கப்பழம் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டான். “மாசானம் ஊதிட்டாம்லா” என்று கியரைப் போட்டுவிடுவான். ஒரு ஆடி மாசம் கயத்தாறில் டீசல் தீர்ந்துபோய் நின்றோம். எந்த நினைப்பிலோ நான் இரண்டு விசில் ஊதிவிட்டேன். அவனும் எந்த நினைப்பிலோ கியர் போட்டான். பின்னாலிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், கோவில்பட்டி வரை டீசல் இல்லாமலே வண்டி வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள். சாத்தூரில் ஏறினதும் அவனிடமே கேளுங்கள். இல்லை என்பான். அவனுக்குப் பொய்யும் வராது, ரசனையும் வராது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒன்றுக்குப் போவதில் சுணக்கம். சொட்டுச் சொட்டாக. முப்பத்தோரு வருஷம் எத்தனை மணி நேரம் அடக்கி வைத்த உடம்பு தெரியுமா? பாளையங்கோட்டையில் போனால் மதுரை மாட்டுத்தாவணியில்தான் அடுத்தது. நடுவில் எனக்காக ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தியதில்லை. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கப்பழம் துணைக்கு வந்தான். சும்மாதானே நிற்கிறாய், நீயும் ரத்தத்தைக் கொடு என்றேன். கொடுத்தான். அப்புறம் சதை எடுத்தும் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நோய். புராஸ்டேட்டில் புற்று. பத்தொன்பது வருஷம் ஒரே இஞ்சின் சூட்டில் உட்கார்ந்ததுதான் காரணம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். “இஞ்சின் இல்ல அய்யா, வயசு” என்று சிரித்தார்.

அந்த அம்மா ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப் பைக்குக் கீழே இந்தச் சுரப்பி. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு மலக்குடல். நடுவில் தீப்பெட்டி அட்டை கனம்கூட இருக்காது. சுரப்பிக்குக் கதிர் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொஞ்சம் சூடு படும்.

“ரெண்டு மெஷின் இருக்கு. ரெண்டுலயும் நோய்க்கு வைத்தியம் ஆகும். பழசுல குடலுக்குக் கொஞ்சம் கூடுதலா கதிர் படும். பின்னால, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுகூட, சில பேருக்குத் தொந்தரவு வரலாம். புதுசு சுரப்பியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி வளைச்சு அடிக்கும். தினமும் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் அடிக்கும். ஆனா அதுக்கு ஏழெட்டு வாரம் வரிசை இருக்கு. நோயை அடக்கி வைக்க ஊசி போட்டிருக்கறதால நீங்க காத்திருக்கலாம், பயமில்ல.”

காத்திருப்பதா? யாரிடம் சொல்கிறார்? வந்த பஸ்ஸில் ஏறு, இதுதான் எங்கள் தொழிலில் வேதம். அடுத்த வண்டி காலியாக வரும் என்று நின்றவனெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே கிழவனாகிப் போனான். பழைய மெஷினில் திங்கட்கிழமையே இடம் இருந்தது. ஏறிவிட்டேன்.

“ஏல தங்கப்பழம், வாரியா இல்லியா?”

“நான் அடுத்ததுல வாரேன்.”

“எதுக்கு?”

“அது பாத்துட்டுப் போவுது.”

“இது மட்டும் என்ன கண்ணை மூடிக்கிட்டா போவுது? கேட்டுட்டுத்தான போவுது. தண்ணி குடிச்சீரா, வெளிக்குப் போனீரா, எல்லாம் கேப்பாங்க. நாம ரைட் குடுத்தா போவும்.”

“அதைத்தாம்ல சொல்லுதேன்” என்றான்.

கேட்டீர்களா? பத்தொன்பது வருஷம் என் விசிலுக்குத் திரும்பிப் பார்க்காதவன், உயிர் என்று வந்ததும் கண்ணாடி பார்க்கிற வண்டியில் ஏறிக்கொண்டான். துரோகம் இல்லாமல் இது என்ன?

ஒரு நிமிஷம். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன். மணியாச்சி தாண்டிவிட்டதா? நல்லது. எங்கே விட்டேன்?

கதிர் அடிக்கிறதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு மணி நேரம் முன்னாலேயே வயிற்றைக் காலி பண்ணிவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். மூத்திரப் பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளி வைக்கும், சூடு அதிகம் படாது. பின்பக்கம் மலமும் வாயுவும் நிறைந்திருந்தால் சுரப்பி இடம் மாறும், அடி குடலில் விழும். அதனால் கிழங்கு, பயறு, முட்டைக்கோஸ் எதுவும் ஆகாது. வாரத்துக்கு ஐந்து நாளாக முப்பத்தேழு நாள்.

இரண்டு பேரும் மதுரையில் தங்கப்பழத்தின் தங்கச்சி வீட்டில் தங்கினோம். அவனுக்குத்தான் இன்னும் முறை வரவில்லையே, சாத்தூருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம். போகவில்லை. தினமும் எனக்காக ஒரு எவர்சில்வர் கூஜாவில் காய்ச்சி ஆற்றின தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவான். என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று, வாசல் பக்கம் போய்விடுவான்.

அந்த வராந்தாவில் ஒரு குரோட்டன்ஸ் செடி, சிமெண்டுத் தொட்டியில். நான் போன முதல் நாள் முழங்கால் உயரம். முப்பத்தேழாம் நாள் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா எஸ்தர் அதில் துணி காயப்போட்டதை நானே பார்த்தேன்.

தண்ணீர் குடித்தீரா என்று மெஷின்கார ஜெபமணி கேட்பார். ரைட் என்பேன். வெளிக்குப் போனீரா? ரைட். அவர் நோட்டில் இரண்டு டிக் போடுவார். ஏறிப் படுப்பேன். கேன்டீனில் அப்போதுதான் தின்ற உருளைக்கிழங்கு போண்டாவும் என்னோடு ஏறிப் படுக்கும். அந்த மெஷின் நல்ல மெஷின், அண்ணாச்சி. சொன்னால் நம்பும். வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும் படம் எடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை நான் ஒழுங்காகக் குடித்துவிடுவேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிற ஸ்டாப் தெரியாதவன் கண்டக்டரா?

ஏன் மற்ற நாளில் குடிக்கவில்லை என்கிறீர்களா? குடித்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். மூன்றாம் நாள். ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர், பெரிய மீசை, கம்பீரமான ஆள். சொன்ன அளவு தண்ணீரைக் குடித்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வருகிற நேரம் கரண்ட் போய்விட்டது. வந்தது, மறுபடி போனது. ஒன்றே கால் மணி நேரம். பாவம், எழுந்து ஓடப் பார்த்தார், பாதி வழியிலேயே வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. ஹாலில் பொம்பளைகள் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தங்கப்பழம்தான் எழுந்து போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டான். அந்த மனுஷன் அப்புறம் தண்ணீரைத் தொட்டிருப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

என் வைத்தியம் முடிந்தது. இவன் முறை வந்தது. இப்போது நான் துணை. அந்தப் புது மெஷின் இருக்கிறதே, மாமியார் மாதிரி. தினமும் முதலில் படம் எடுக்கும். பை நிறையவில்லையா, இறங்கு. வாயு இருக்கிறதா, இறங்கு, நடந்துவிட்டு வா. பல நாள் இவனை மேஜையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இவனும் முகம் சுளிக்காமல் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான், கூஜாவும் கையுமாக. “என்னடே, டிக்கெட் இல்லாம ஏறிட்டியா? எறக்கி விட்டுட்டானா?” என்று நான் கேலி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே நடப்பான். இரண்டு பேருக்கும் நோய் அடங்கியது. ரத்த டெஸ்டில் இரண்டு பேரும் பாஸ்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு ரத்தம். முதலில் பீட்ரூட் என்றுதான் நினைத்தேன். பீட்ரூட் தின்று ஒரு மாசம் ஆகியிருந்தது. அப்புறம் அவசரம். வரும் என்று தோன்றுகிறதற்குள் வந்துவிடும். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். கதிர் பட்ட இடத்தில் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சிவந்து கசிகிறது என்றார். கருவி விட்டுச் சுட்டு அடைத்தார்கள். ரத்தம் நின்றது, அவசரம் நிற்கவில்லை.

நான் கடைசியாகப் பஸ் ஏறினது போன வருஷம் வைகாசியில். என் ரூட்டு, என் டிப்போ வண்டி. கண்டக்டர் புது ஆள். கயத்தாறு தாண்டினதும் எனக்கு வந்துவிட்டது. எழுந்து போய், “தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லு” என்றேன். அவன் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

“பெரியவரே, பத்து நிமிஷம் பொறுத்துக்கிடுங்க. கோவில்பட்டி வந்துரும்.”

அது என் வசனம், அண்ணாச்சி. அதே ரோட்டில், அதே மைல்கல்லில், முப்பத்தோரு வருஷம் நான் சொன்ன வசனம். கிழவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன், சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோவில்பட்டியில் எல்லாரும் இறங்கின பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. டிரைவர் வந்து பார்த்தார். அதை விடுங்கள்.

தங்கப்பழமோ பஸ்ஸிலேயே பழனிக்குப் போய்வருகிறான். டீக்கடையில் நின்று இரண்டாவது டீ கேட்கிறான். எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அவனாவது பழைய வண்டியில் என்னோடு ஏறியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து இந்த ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போயிருப்போம். அது இல்லாமல் பண்ணிவிட்டானே.

இதோ பாருங்கள், இந்தத் தாள்தான் இன்றைக்கு விஷயம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், பேனா இருந்தால் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள். டாக்டரம்மா பழைய மெஷின் ஆட்களையும் புது மெஷின் ஆட்களையும் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிறார். யாருக்குக் குடல் எப்படி இருக்கிறது, எந்த மெஷினால் எவ்வளவு தொந்தரவு என்று. இதை வைத்துத்தான் இனி வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று முடிவு பண்ணுவாராம். எனக்கு இது கோர்ட்டு மாதிரி. அந்த மெஷின் என்னை என்ன பண்ணியது என்று எழுத்தில் வந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஏழு. எட்டு போடுங்கள். ரத்தம்? இப்போது இல்லை. அவசரம்? ஆமாம். வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? பக்கத்தில் இடம் இருந்தால் எழுதுங்கள், முப்பத்தோரு வருஷ சர்வீஸ், பஸ் ஏறமுடியவில்லை என்று. இடம் இல்லையா? சரி, ஆமாம் போடுங்கள்.

ஒன்பதாவது என்ன? சத்தமாகப் படியுங்கள்.

சிகிச்சை நாட்களில் தினமும் சொன்னபடி தண்ணீர் குடித்து, வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்தீர்களா.

ஆமாம் போடுங்கள்.

ஏன் பேனாவை நிறுத்துகிறீர்கள்? நான் சொன்ன கதையை வைத்துத்தானே? கதை சொல்கிறவன் ஆயிரம் சொல்வான். நோட்டில் டிக் இருக்கிறது, அண்ணாச்சி, முப்பத்தேழு நாளும் ஜெபமணி கையால் போட்ட டிக். போன சித்திரையில் டாக்டரம்மாவே கேட்டார். “அந்த மெஷின்ல இப்படி வர்றது உண்டுதான் அய்யா. தயாரிப்பு சரியில்லன்னாலும் கூடும். நீங்க ஒழுங்காத்தான வந்தீங்க?” ரைட் என்றேன். தங்கப்பழம் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றான். அந்தத் தொட்டியைப் பார்த்தான். செடி காய்ந்து குச்சியாக நின்றது.

“நல்லா வளந்துக்கிட்டு இருந்துச்சுல்லா” என்றான்.

“தண்ணி ஊத்த ஆள் இல்லபோல” என்றேன், வாய் தவறி.

“ஆமா” என்றான். “எந்திரி, ரயிலுக்கு நேரமாச்சு.”

அவ்வளவுதான். அவனுக்குத் தெரியும். என்றைக்கிலிருந்து தெரியும் என்றுதான் எனக்குத் தெரியாது. தெரிந்தே தினமும் விடியக்காலம் எழுந்து தண்ணீர் காய்ச்சினானா? கூஜாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நாளாவது “காட்டு பாப்போம்” என்று கேட்டிருக்கக் கூடாதா? அவன்பாட்டுக்கு நான் இரண்டு விசில் ஊதினேன் என்று போய்க்கொண்டே இருந்தான். அதுதான் துரோகம் என்கிறேன். ஒருத்தன் விசில் ஊதினால் போதுமா? திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நான் தப்பு பண்ணினேன் என்று சொல்லவில்லை. மெஷினும்தான் பண்ணியிருக்கும். பாதிப் பாதி இருக்கலாம். டாக்டரம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடியாதாம்.

வண்டி மெதுவாகிறதே, சாத்தூரா? அதோ நிற்கிறான், பாருங்கள். கதர்ச்சட்டை, மஞ்சள் பை. அந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு வேட்டி. துவைத்து மடித்தது. அவனுடையது இல்லை, அவன் நாலு முழம் கட்டுகிறவன். எட்டு முழம். போன வருஷம் வைகாசியிலிருந்து என்னோடு எங்கே வந்தாலும் கொண்டுவருகிறான். எதுக்குல என்றால், சும்மா கிடக்கட்டும் என்பான். ஒரு தடவை அதை வெளியே எடுக்கும்படியும் ஆகிவிட்டது. அன்றைக்கும், அந்த மூன்றாம் நாள் மாதிரியே, அவனே எழுந்து வந்து என் இடுப்பில் சுற்றிவிட்டான். துண்டைச் சுற்றிவிட்டானே, அதே மாதிரி...

ராஜபாளையத்துக்காரர் என்று யாரும் இல்லை, அண்ணாச்சி.

அந்தத் தாளைக் கொடுங்கள். ஒன்பதாவது அப்படியே காலியாக இருக்கட்டும். பேனாவை மட்டும் கொஞ்சம் இவனிடம் கொடுங்கள், தந்துவிடுவான், நாணயமான ஆள்.

“வாடே தங்கப்பழம். இப்படி உக்காரு. கண்ணாடி கொண்டாந்திருக்கியா? இந்தா, டாக்டரம்மா தாளு. ஒம்பதாம் நம்பர் ஒண்ணுதான் பாக்கி, அதை நீ போடு.”

“நானா? உன் தாளுல நான் எப்படிப் போடுவேன்?”

“முப்பத்தேழு நாளும் கூட வந்தவன் நீதான? எனக்கு வருது, நான் உள்ள போறேன். நீ போட்டு, மடிச்சு, என் பையில வச்சிரு. நான் திரும்பிப் பாக்கமாட்டேன்.”